கொடியில் ஏறிய சோளிங்கர்

சோளிங்கர் என்றால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு நரசிம்மர் மலை. கார்த்திகை வந்துவிட்டால் ஆற்காடு, வாலாஜா, ராணிப்பேட்டை என்று எல்லாத் திசையிலிருந்தும் பஸ் பஸ்ஸாகக் கூட்டம் கிளம்பும். பெரிய மலைக்கு 1,305 படி. சிறுவயதில் அம்மாவின் வேண்டுதலுக்காக வருஷம் தவறாமல் ஏறியிருக்கிறேன். அந்த ஊரின் பெயர் ஸ்காட்லாந்துப் பட்டாளம் ஒன்றின் கொடியில் இருக்கிறது என்று எனக்குச் சொன்னவர் என் தாய்மாமன்.

மாமா மெட்ராஸ் ரெஜிமெண்டில் பைப்பர். அம்மாவின் பிறந்த ஊர் வேலூருக்குத் தெற்கே, கணியம்பாடி பக்கம். அந்த வட்டாரத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீடு அபூர்வம். பக்கத்திலிருக்கும் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே எல்லோரும் சொல்வார்கள். அங்கிருந்து போனவர்கள் துப்பாக்கி தூக்கினார்கள், லாரி ஓட்டினார்கள், சமையல் செய்தார்கள். மாமாவுக்கு மட்டும் நல்ல மூச்சு இருப்பதைப் பார்த்து வெலிங்டனில் அவரைப் பைப் பேண்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். சினிமாப் பாட்டைத் தவிர வேறு சங்கீதம் அறியாத பையன், ஒன்பதே சுரம் உள்ள ஒரு குழலில் ஸ்காட்லாந்து மலைநாட்டு மெட்டுகளைக் கற்றுக்கொண்டு ஊருக்கு வந்தார்.

லீவில் வரும்போதெல்லாம் வாசிப்பார். மீரட்டில் சொந்தக் காசு போட்டு வாங்கிய பைப். வீட்டுக்குள் வாசித்தால் ஓடு பெயர்ந்துவிடும் என்று பாட்டி திட்டுவாள் என்பதால் மாந்தோப்புக்குப் போய்விடுவார். பின்னாலேயே நாங்கள் ஓடுவோம். பையை இடது கையிடுக்கில் வைத்து முதலில் ஓர் அடி கொடுப்பார். தோளில் சாய்ந்திருக்கும் மூன்று குழல்களும் ஒரே நேரத்தில் முனக ஆரம்பிக்கும். அந்த முனகல் நிலைத்து நின்ற பிறகுதான் கீழே விரல் ஓடும் குழலில் மெட்டு வரும். மேலே மெட்டு எங்கே போனாலும் அடியில் அந்தச் சுருதி நகராது. நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதிக் கேட்ட காதுக்கு அது அந்நியமாகவே இல்லை. சுருதிப் பெட்டி வருவதற்கு முன் நம் கூத்துக்காரர்களும் ஆட்டுத்தோல் துத்தியை இடுக்கிக்கொண்டு சுருதி பிடித்தவர்கள்தானே.

அந்தப் பையை என் அப்பா கையில் வாங்கிப் பார்த்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பாவுக்கு மேல்விஷாரத்தில் தோல் ஷாப்பில் வேலை. தொட்டியில் இறங்கி ஆரம்பித்தவர். பிறகு தரம் பிரிக்கிற இடத்துக்கு வந்தார். எங்கள் வீட்டில் சட்டை, புத்தகம், சோறு எல்லாவற்றிலும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் மணக்கும். மாமா பைப்பைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கைகழுவப் போயிருந்தார். அப்பா கட்டம்போட்ட துணி உறையை மெதுவாகக் கழற்றினார். உள்ளே மங்கிய வெள்ளையில் தோல் பை. பெருவிரலால் ஓரிடத்தில் அழுத்தி, மற்ற விரல்களால் அடியிலிருந்து தூக்கிக் கொடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

"செம்மறி" என்றார்.

மாமாவுக்கு ஆச்சரியம். "எப்பிடி மாமா கண்டுபிடிச்சீங்க? எங்க சுபேதாரும் அதான் சொல்வாரு."

அப்பா காட்டினார். வெள்ளாட்டுத் தோலில் மயிர்க்கால் வரிசை வரிசையாக, அலை அலையாக ஓடும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே தெரியும். செம்மறியில் அந்த வரிசை கலைந்திருக்கும். தோலும் இறுக்கமாக இருக்காது, மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் விட்டுக்கொடுத்தாற்போல் மெத்தென்று அமுங்கும். "மூச்சுல ஈரம் இருக்கும் இல்ல? இது பஞ்சாட்டம் ஈரத்த இழுத்துக்கும். வெள்ளாடு போட்டிருந்தா தண்ணி உள்ளயே நின்னு குழலுக்குப் போயிடும்" என்றார். வாத்தியம் ஒன்றைக்கூட அதற்கு முன் தொட்டுப் பார்க்காத மனிதர். பிறகு தையலுக்குப் போனார். இரண்டு விளிம்பையும் சேர்த்து மடித்து, நடுவே ஒரு பட்டை வைத்து, மெழுகு நூலால் இழை இழையாகப் போட்ட தையல். ஒரு துளையில் காற்று கசிந்தாலும் வாசிக்கிறவன் செத்தான் என்று மாமா சொன்னார். உள்ளே ஒரு பசையை ஊற்றி, பையைப் பிசைந்து பிசைந்து தையல்வாயெல்லாம் அடைத்துக்கொள்ளும்படி செய்வார்களாம். அப்பா அந்தத் தையலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பின்னாளில் தோல் தரம் பிரிக்கிறவனாகத்தான் ஆனேன். ஒரு தோலை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அன்றுதான் கற்றேன் என்று நினைக்கிறேன்.

அன்று ராத்திரி திண்ணையில் படுத்திருந்தபோதுதான் மாமா சோளிங்கர் பேச்சை எடுத்தார். வெலிங்டனில் ரெக்ரூட்டுகளுக்கு ரெஜிமெண்டின் கொடியில் பொறித்த போர்க்களங்களின் பெயர்களை, அதாவது போர்ப்பெயர்களை, மனப்பாடம் செய்ய வைப்பார்கள். கர்நாடிக், சோளிங்கர், மைசூர், ஸ்ரீரங்கப்பட்டணம், அஸ்ஸாயே என்று வரிசையாகப் போகும். "இன்னாது, நம்ம சோளிங்கரான்னு கேட்டேன்டா. ஆமாண்டா, உன் ஊரு மலைதான்னு சொன்னாரு சுபேதாரு. நம்ம கொடியில மட்டுமில்ல, இந்தப் பைப்ப வாசிச்சுக்கினு வந்த ஸ்காட்லாந்துக்காரன் கொடியிலயும் இருக்குதுன்னாரு."

1780 ஜனவரியில் மெட்ராஸில் வந்து இறங்கியது மெக்லியோட் பிரபு திரட்டிய மலைநாட்டுப் படை. அப்போது அதன் எண் 73. 1786-ல் 71 என்று மாறியது. இறங்கிய அதே வருஷம் ஜூலையில் மைசூரின் ஹைதர் அலி கணவாய் இறங்கி ஆற்காட்டுச் சீமைக்குள் புகுந்தார். செப்டம்பர் 10-ஆம் தேதி காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கும்பினிக் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. அதில் அந்த மலைநாட்டுப் படையின் இரண்டு கம்பெனிகள் இருந்தன. டேவிட் பேர்ட் என்ற இளம் கேப்டன் காயத்தோடு பிடிபட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் சுமார் மூன்றரை வருஷம் கிடந்தார். பெய்லி அந்தச் சிறையிலேயே செத்தார். 1799-ல் திப்புவின் கோட்டைமேல் ஏறிய படைக்குத் தலைமை தாங்கி வந்தவர் அதே பேர்ட். பொள்ளிலூருக்குப் பிறகு ஆற்காடும் ஹைதர் வசமானது.

அடுத்த வருஷம் கும்பினித் தளபதி சர் அயர் கூட் படையோடு களமிறங்கினார். 1781 ஜூலை 1-ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் சண்டை. அந்த ரெஜிமெண்ட் வழிவழியாகச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. கூட்டுக்குப் பேக்பைப் என்றாலே பிடிக்காது. காட்டுமிராண்டிக் காலத்து மிச்சம் என்று நினைத்தவர். ஆனால் அன்றைக்குக் குண்டு மழைக்கு நடுவே ஒரு பைப்பர் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே முன்னேறியதைப் பார்த்து, உனக்கு வெள்ளியில் பைப் வாங்கித் தருகிறேன் என்று கத்தினாராம். சொன்னபடி 50 பவுனும் கொடுத்தார். மாமாவுக்கு உயிரான கதை இது. பரங்கிப்பேட்டை என்ற பெயரை எங்கே கேட்டாலும் அதைச் சொல்லாமல் விடமாட்டார்.

பிறகு ஆகஸ்டில் மறுபடியும் பொள்ளிலூர், செப்டம்பர் 27-ஆம் தேதி சோளிங்கர். அந்த வருஷம் முழுக்கக் கும்பினிக்காரர்களின் கவலை அரிசிதான். ஹைதரின் முற்றுகைக்குள் சிக்கியிருந்த வேலூர்க் கோட்டையின் படை பட்டினியில் கிடந்தது. சீமையெல்லாம் எரிந்து, கிராமங்கள் காலியாகி, படைக்கே சோறில்லாமல் கூட் அலைந்துகொண்டிருந்தார். சோளிங்கரில் அவருக்கு வெற்றி. நரசிம்மர் மலையைப் பார்த்தபடிதான் அந்தச் சண்டை நடந்திருக்க வேண்டும். பெயர் கொடிக்கு ஏறியது: மலைநாட்டுக்காரர்களின் கொடியில், மெட்ராஸ் ரெஜிமெண்டின் கொடியில், கூடவே மெட்ராஸ் சாப்பர்ஸ் பட்டாளத்தின் போர்ப்பெயர் வரிசையிலும்.

எனக்கு இதில் பெருமை இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அன்றைக்குச் செத்தவர்கள் யார் என்று யோசித்தால் பெருமை மட்டும் போதவில்லை. கும்பினிச் சிப்பாய்களில் பெரும்பாலோர் நம் ஜனம். ஹைதரின் பக்கமும் இந்த மண்ணின் ஆட்கள் இருந்தார்கள். ஊர் பெயர் தூரதேசத்துப் பட்டுத்துணியில் இருக்கிறது. செத்தவன் பெயர் ஒன்றுகூட எந்தத் துணியிலும் இல்லை.

தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனி என்னைச் சரக்கு விஷயமாக இங்கிலாந்துக்கு அனுப்பியது. வேலை முடிந்து இரண்டு மூன்று நாள் கையில் இருந்தது. ரயில் பிடித்து எடின்பரோ போனேன். ஆகஸ்ட் மாதம், கோட்டை முற்றத்தில் மிலிட்டரி டாட்டூ நடக்கும் சமயம். 1950-லிருந்து வருஷாவருஷம் நடக்கும் ராணுவ வாத்திய விழா அது. இந்த ஸ்காட்லாந்துப் பட்டாளங்களை உலகத்தில் எந்த ஊர் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டாலும் ஜனம் திரளுமே, அதன் காரணம் அங்கே எனக்கு விளங்கியது. கோட்டை வாசல் திறந்தது. முதலில் ஆளே தெரியவில்லை. அந்தச் சுருதி மட்டும் கல் வளைவுக்குள்ளிருந்து வந்தது. பிறகு தீப்பந்த வெளிச்சத்தில் கட்டம்போட்ட பாவாடையும், இறகுத் தொப்பியும், காலில் வெள்ளை உறையுமாக வரிசை வரிசையாக வந்தார்கள். இடுப்புக்கு முன் தொங்கும் ஸ்போரன் பையின் தோல், டிரம் அடிப்பவர் மார்பின் குறுக்கே போட்ட புலித்தோல், இடுப்புப் பெல்ட் என்று என் கண் பழக்கதோஷத்தில் தோலைத் தோலாக எண்ணிக்கொண்டு போனது. அப்பா இருந்திருந்தால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கக் கேட்டிருப்பார்.

சுற்றிலும் ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். என் கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது. எனக்குத் தெரிந்த மெட்டுதான், மாந்தோப்பில் கேட்டது. ஆனால் அந்த வாசலைப் பார்க்கப் பார்க்க வேலூர்க் கோட்டை வாசல் நினைவுக்கு வந்துவிட்டது. அதற்குமேல் விழாவை விழாவாக மட்டும் பார்க்க முடியவில்லை.

மறுநாள் கிளாஸ்கோ போனேன். மெக்லியோட் படையும் இன்னொரு மலைநாட்டுப் படையான 74-ம் 1881-ல் ஒன்றாகி ஹைலாண்ட் லைட் இன்ஃபன்ட்ரி ஆயின. 1959-ல் அது வேறொரு ரெஜிமெண்டோடு சேர்ந்து ராயல் ஹைலாண்ட் ஃபியூசிலியர்ஸ் ஆனது. அதன் அருங்காட்சியகம் சாக்கிஹால் தெருவில் இருந்தது. போர்ப்பெயர் வரிசையில் சோளிங்கரைத் தேடிக் கண்டுபிடித்தேன். பக்கத்திலேயே அஸ்ஸாயே, யானையோடு.

அந்த யானைக்கு ஒரு கதை உண்டு. 1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மகாராஷ்டிராவின் அஸ்ஸாயே கிராமத்தில் ஆர்தர் வெல்லெஸ்லி மராத்தியப் படையை எதிர்த்தார். 74-ஆம் மலைநாட்டுப் படை அங்கே சின்னாபின்னமானது. அங்கே போரிட்ட படைகளில் 74, 78 என்ற இரண்டு ஸ்காட்லாந்துப் படைகளுக்கும் 19-ஆம் லைட் டிராகூன் குதிரைப் படைக்கும் யானைச் சின்னத்தைக் கௌரவமாகக் கொடுத்தார்கள். அதே களத்தில் நின்ற மதராஸிச் சிப்பாய்களின் யானைதான் இன்று மெட்ராஸ் ரெஜிமெண்டின் தொப்பிச் சின்னம். மாமாவின் தொப்பியில் அந்த யானையைச் சின்ன வயதில் எத்தனையோ முறை தடவிப் பார்த்திருக்கிறேன்.

அஸ்ஸாயேயில் யானை வாங்கிய 19-ஆம் டிராகூன் மூன்று வருஷம் கழித்து எங்கே இருந்தது என்றால், எங்கள் ஆற்காட்டில். 1806 ஜூலை 10 விடியற்காலையில் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்தார்கள். தகவல் ஆற்காட்டுக்கு வந்ததும் கர்னல் கில்லெஸ்பி அந்தக் குதிரைப் படையோடுதான் பாலாற்றங்கரைச் சாலையில் பறந்தார். 25 கிலோமீட்டர். கோட்டை வாசலைப் பீரங்கி வைத்துப் பிளந்து உள்ளே போனார்கள். அதற்குள் 69-ஆம் படையைச் சேர்ந்த வெள்ளைக்காரர்கள் நூற்றுக்கும் மேல் செத்திருந்தார்கள். அதன்பின் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். சரணடைந்தவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். உள்ளே போன ஆங்கில அதிகாரிகளில் ஒருவரான பிளாகிஸ்டனே அதை எழுதி வைத்திருக்கிறார்.

எதற்காக எழுந்தார்கள்? நெற்றியில் குறி வைக்கக் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தலையில் புதுத் தலைப்பாகை வைக்க வேண்டும் என்று தளபதி கிரடாக் உத்தரவு போட்டார். அந்தத் தலைப்பாகை தொப்பி போலிருந்ததும் அதில் செருகியிருந்த தோல் குஞ்சமும்தான் சிப்பாய்களை உலுக்கின. எந்த மிருகத்தின் தோலோ என்று இந்துவும் பயந்தான், முஸ்லிமும் பயந்தான். வேறு காரணங்களும் இருந்தன: கோட்டைக்குள் சிறைப்பட்டிருந்த திப்புவின் குடும்பம், சம்பளக் குறை, அவமானம். ஆனாலும் தோலால் பிழைக்கிற ஊர்க்காரனான எனக்கு அந்தத் துண்டுத் தோலைத் தாண்டிப் போக முடியவில்லை. தோல் என்பது எங்களுக்குச் சோறு. ஒரு சிப்பாயின் தலையில் அவனைக் கேட்காமல் வைத்தபோது அது என்னவாக ஆனது என்பதை வேலூர்க்காரர்கள் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

2006-ல் இருநூறாவது ஆண்டை அரசு கொண்டாடியது. தபால்தலை வெளியிட்டார்கள். அப்போது மாமா ஓய்வுபெற்றுப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆற்காட்டு மக்கன் பேடா டப்பாவோடு அவரைப் பார்க்கப் போய், இருவருமாக வேலூருக்குப் போனோம். மக்கான் சந்திப்பில் நினைவுத்தூணைப் பார்த்து நின்றார். பட்டாளத்துக்காரர், கட்டளையை மீறி எழுந்தவர்களைப் பற்றி என்ன சொல்வாரோ என்று எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. வெகுநேரம் கழித்துச் சொன்னார்: "மூணு பட்டாலியனையும் கலைச்சுட்டான்டா. நம்பரே இல்ல. பட்டாலியன் செத்தா அதுக்கு அஞ்சலியா ஒரு லாஸ்ட் போஸ்ட் ஊதுவாங்க. இவங்களுக்கு அதுவும் இல்ல."

அவர் கைக்கு எட்டும் தூரத்தில் பைப் இருந்திருந்தால் அங்கேயே வாசித்திருப்பார். அந்த வருஷம் மார்ச்சில்தான் ஸ்காட்லாந்துக்காரர்களும் தங்கள் பழைய ரெஜிமெண்டுகளையெல்லாம் சேர்த்து ஒரே ராயல் ரெஜிமெண்ட் ஆஃப் ஸ்காட்லாந்து ஆக்கினார்கள். அதைக் கேட்டு மாமாவுக்கு வருத்தம். பழைய எண்களை, பழைய பெயர்களை விடாமல் வைத்திருப்பதுதான் பட்டாளத்தின் உயிர் என்று நம்புகிறவர். புதிய ரெஜிமெண்டிலும் சோளிங்கர் போகவில்லை, இரண்டாம் பட்டாலியன் அந்த வழிமரபை ஏந்தியிருக்கிறது என்று சொன்னபின் சமாதானமானார்.

2031-ல் சோளிங்கர் சண்டைக்கு 250 வருஷம் ஆகிறது. அதற்கு நம் ஊரில் ஒரு நாள் எல்லோரும் ஒன்றுகூட வேண்டும் என்பது என் ஆசை. ராணிப்பேட்டை மாவட்டத்தில் யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெற்றி விழா வேண்டாம். அந்த ஸ்காட்லாந்துப் பட்டாலியனின் பைப்பர்களை வரவழைக்க வேண்டும். வெலிங்டனிலிருந்து நம் பைப்பர்களும் வர வேண்டும். சோளிங்கர் கோயில் நாதஸ்வரக்காரர்கள் அவர்களோடு நிற்க வேண்டும். ஹைதர் பக்கம் விழுந்தவர்கள், கும்பினி பக்கம் விழுந்த நம்மவர்கள், கடல் தாண்டி வந்து விழுந்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே வாசிப்பு. வேலூரில் கலைக்கப்பட்ட மூன்று பட்டாலியன்களின் எண்களையும் அங்கே உரக்கப் படிக்க வேண்டும்: முதலாம் ரெஜிமெண்டின் இரண்டு பட்டாலியன், இருபத்துமூன்றாம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாலியன். கொடியில் இல்லாவிட்டால் காற்றிலாவது ஒருமுறை ஒலிக்கட்டும். வருகிறவர்களுக்குக் கொடுத்தனுப்ப நம்மிடம் நல்ல செம்மறித்தோல் இருக்கிறது. மரபாக ஆவாரம்பட்டையில் பதப்படுத்திவந்த நம் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோலுக்குப் புவிசார் குறியீடே உண்டு.

போன மாதம் மாமாவிடம் இதைச் சொன்னேன். எண்பதை நெருங்குகிறார், பைப்பைத் தூக்கி வாசிக்க மூச்சு இல்லை, பயிற்சிக் குழலில் மட்டும் விரல் ஓட்டுகிறார். மலைமேல் ரோப் கார் வந்துவிட்டதால் அங்கேயே வாசிக்க ஏற்பாடு செய்யலாம் என்றேன்.

"மேல வேணாம்டா. அங்க காத்து அதிகம், ரீடு காஞ்சு போயிடும், சுருதி நிக்காது. கீழ கொண்டபாளையத்துல மலைக்கு முதுகு காட்டி நிக்கச் சொல்லு. சத்தம் மலையில அடிச்சித் திரும்பும். காலைல ஒம்பது மணிக்கு முன்னாடியே முடிச்சிடணும், வெயில் ஏறினா அந்தப் பசங்க அந்த உடுப்புல தாங்க மாட்டானுங்க" என்றார்.